பழமையும் வீடுபேறும்

புளோரன்சு நகரை ஆண்ட கோசிமோ தெ மெடிசி தம் இறுதி நாட்களில், பிளேட்டோவின் நூல்களைச் சற்றே ஒதுக்கி, ஹெர்மிசின் நூல்களை முதலில் இலத்தீனிற் பெயர்த்துத் தருமாறு பிச்சினோ என்னும் அறிஞரைப் பணித்தார். 1463இல் முடிந்த அம்மொழிபெயர்ப்பு 1471இல் அச்சேறியது. ஹெர்மிசு தொன்மை மிக்க எகிப்திய ஞானி என்றும், பிளேட்டோவின் அறிவுக்கும் அவரே ஊற்று என்றும் மறுமலர்ச்சிக் காலத்தார் நம்பினர்.

அந்நூல் கூறும் முத்திநெறி நம் செவிக்குப் புதியதன்று. உடலை நீத்த உயிர் ஏழு மண்டலங்களினூடே மேலேறுகின்றது. காமம், செருக்கு, பொருளாசை, பொய் முதலிய மாசுகளை அவ்வம் மண்டலத்திலேயே விட்டு, எட்டாம் நிலையில் தூய்மையுற்று, ஈற்றில் கடவுளிற் கலக்கின்றது. தத்துவங்களைக் கடந்து மலம் நீங்குதலைப் பயின்ற சைவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் வேறுபாடு பெரிது. அங்கே தன்னையறியும் அறிவே வீடு தரும். சித்தாந்தத்திலோ திருவருளின்றி அவ்வறிவும் கைகூடாது. அங்கே உடல் கழற்றியெறியும் ஆடை. திருமூலரோ உடம்பை இழிந்ததென எண்ணியிருந்து, அதனுள் இறைவனைக் கண்டபின் அதனைப் பேணலானார்.

1614இல் கசோபன் என்னும் கிரேக்க மொழிப் புலவர் அந்நூல்களின் நடையை ஆராய்ந்து, அவை கிறித்துவுக்குப் பிற்பட்டவை என நிறுவினார். பிற்காலச் சிற்பி பீடியாசின் பெயர் அவற்றுட் பயில்வதே ஒரு சான்று. எனினும், அவை கிறித்தவர் புனைந்த போலி என அவர் கருதியது பொருந்தவில்லை. 1945இல் எகிப்தின் நாக் அம்மாதியிற் கிடைத்த ஏடுகளுள், ஆசான் ஒருவன் மாணவனை எட்டாம், ஒன்பதாம் நிலைகளுக்கு உய்க்கும் உரையாடலும் உண்டு. காலத்தாற் பிந்தியதாயினும் மெய்யாகவே மாந்தர் பயின்ற நெறி அது என இன்று ஆய்வாளர் பலர் கொள்வர்.

இதனை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அகத்தியர், போகர் பெயரால் வழங்கும் ஞானப் பாடல்களைச் சங்ககாலத்துக்கும் முற்பட்டவை என்று கொழும்பு மேடைகளில் இன்றும் முழங்குவோர் உளர். சங்கப் புலவர் அறியாத விருத்த யாப்பும் பிற்கால வழக்குச் சொற்களும் அப்பாடல்களில் மலிந்துள்ளன. இதைச் சொன்னால் சமயத்தைப் பழிப்பதாகச் சினப்பர். காலத்தைப் பின்னே தள்ளினார் என்று வையாபுரிப்பிள்ளை பட்ட வசை சிறிதன்று. பழமையைப் பறித்தால் அப்பாடலின் ஞானமும் போய்விடும் என அஞ்சுவோர், அந்த ஞானத்தையன்று, ஆண்டுக்கணக்கையே போற்றுகின்றனர் போலும். அகத்தியர் பெயரில் ஒதுங்கி நின்று பாடிய அந்தச் சித்தர் யார், எந்நூற்றாண்டில், எக்குருவின்வழி நின்று பாடினார் என்னும் வினாவோ அம்மேடைகளில் எழுவதேயில்லை.