கருத்தியல் எங்கே வந்து நிற்கிறது? – 1848ஐ முன்வைத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கருத்தியல்களைப் பற்றி நம்மிடம் ஒரு சௌகரியமான சித்திரம் உண்டு. பழமைவாதம், தாராளவாதம், சோசலிசம், அராஜகவாதம் என்று அலமாரியில் அடுக்கிய டப்பாக்கள். மேலே லேபிள், உள்ளே சரக்கு. வேணுங்கிறதை எடுத்துக்கலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு கருத்தியலை அது பேசுவதை வைத்து மட்டும் வாசிக்க முடியாது. அது எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

1848 பிப்ரவரி, பாரீஸ். மன்னன் லூயி பிலிப் ஓடிப்போகிறான். தாராளவாதிகளும் குடியரசுவாதிகளும் சோசலிஸ்டுகளும் ஒரே தற்காலிக அரசில் உட்காருகிறார்கள். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை. சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வாக்காளர்கள் 90 லட்சம் அளவுக்குப் பெருகுகிறார்கள். வேலைக்கும் உத்தரவாதம் தரப்படுகிறது. 'வேலைக்கான உரிமை' என்று எல்லாரும் பேசியது ஒரே சொல். லூயி ப்ளாங்குக்கு அதன் அர்த்தம் தொழிலாளர்களே நடத்தும் கூட்டுப்பட்டறை. அரசு நடத்திய தேசியப் பட்டறைகளோ மண்வெட்டி கொடுத்துக் கூலி போட்ட வெறும் நிவாரணம்.

ஜூனில் குட்டு வெளிப்பட்டது. பட்டறைகளில் பதிந்திருந்தவர்கள் லட்சத்துக்கும் மேல். 21ஆம் தேதி உத்தரவு வருகிறது: 18 முதல் 25 வயதுக்காரர்கள் பட்டாளத்தில் சேரணும், மற்றவர்கள் மாகாணங்களுக்குக் கிளம்பத் தயாராகணும். 23இல் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. நாலே நாளில் நசுக்கியாச்சு. நசுக்கிய தளபதி கவைஞாக் முடியாட்சிக்காரரல்ல, குடியரசுவாதி. முன்னணியில் நின்று சுட்ட நடமாடும் காவல்படையிலும் பாரீஸின் ஏழை இளைஞர்களே. மார்க்ஸ் அவர்களை உதிரிப் பாட்டாளிகள் என்றார். 1985இல் வந்த மார்க் ட்ராகாட்டின் ஆய்வு, இரு தரப்பாரின் தொழில்பின்னணியும் ஏறக்குறைய ஒன்றுதான், அவர்களைப் பிரித்ததில் படையமைப்புக்கே பெரும்பங்கு என்று வாதிட்டது. வர்க்கத்தைச் சொன்னால் கருத்தியல் தானாக வந்து விழும் என்கிற தோழர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கணும்.

தோற்றவர்கள் பக்கம் மட்டும் எல்லாம் சுத்தமா? 1849 தேர்தலில் ழான் தெரொவான் என்ற சோசலிஸ்ட் பெண், வாக்குரிமையே இல்லாத நிலையில் வேட்பாளராக நின்றார். அதை எதிர்த்து எழுதியவர் சொத்து திருட்டு என்று முழங்கிய ப்ரூதோன். அவருடைய அராஜகம் குடும்பத் தலைவனின் வாசற்படியில் வந்து நின்றுவிட்டது.

இன்னொரு எல்லை அல்ஜீரியா. 1848 செப்டம்பரில் பாரீஸின் வேலையற்றவர்களை அங்கே குடியேற்ற 5 கோடி ஃபிராங்க் ஒதுக்கினார்கள். நவம்பரில் நிறைவேறிய அரசியல் சட்டத்தில் வேலைக்கான உரிமை இல்லை. அல்ஜீரியா பிரெஞ்சு மண் என்ற அறிவிப்பு இருந்தது. சொந்த ஊரில் மறுத்த உரிமைக்கு ஈடாக அடுத்தவன் நிலம்!

ஆகவே, எந்தக் கொடி என்று கேட்பதோடு நான் திருப்திப்படுவதாக இல்லை. அந்தக் கொடி யார் வீட்டுக்குள் நுழையாது, யார் நிலத்தில் ஊன்றப்படும் என்றும் கேட்டாகணும்.