ஆய்வாளரின் அறையும் மக்களின் வீடும்

ஆய்வுக்கு ஓய்வு வேண்டும். நாளெல்லாம் வயிற்றுப்பாட்டுக்காக உழலும் ஒருவர், உடைந்த பானையோடுகளை மாதக்கணக்காக ஒப்புநோக்கிக்கொண்டிருத்தல் இயலாது. ஆகவே, பட்டம் பெற்று வெளிவரும் இளம் ஆய்வாளருக்கு உறைவிடமும் உணவும் நூலகமும் உதவித்தொகையும் நல்கும் புலமைப்பரிசில்களை நாம் வரவேற்கின்றோம். ஆயின், அவ்வோய்வு யாருடைய செல்வத்தால் வருகின்றது, யாருக்குக் கிட்டுகின்றது, அதன் விளைவாகிய அறிவு யாரைச் சென்றடைகின்றது என்ற வினாக்களை எழுப்பாது புகழுரை மட்டும் பாடுவது விமர்சனமாகாது.

இத்தகைய ஏற்பாடுகள் நெடுங்காலமாக வேரூன்றியுள்ள ஏதென்ஸ் நகரை எடுத்துக்கொள்வோம். 1846இல் பிரெஞ்சுக்காரரும், 1881இல் அமெரிக்கரும், 1886இல் பிரித்தானியரும் அங்கே தத்தம் தொல்லியற் பள்ளிகளை நிறுவினர். கிரேக்கத்தின் பழமை பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றுட் கணிசமான பகுதி இப்பள்ளிகளின் வழியே வந்தது. இதனை மறைப்பது நேர்மையன்று.

ஆனால், இப்பள்ளிகளின் வரலாற்றிலேயே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நிகழ்ச்சியொன்று உண்டு. ஹரியட் பொய்ட் என்னும் அமெரிக்கப் பெண், மகளிருக்கென ஏற்படுத்தப்பட்ட அக்னஸ் ஹொப்பின் நினைவுப் புலமைப்பரிசிலைப் பெற்று அமெரிக்கப் பள்ளியிற் பயின்றார். கொரிந்தில் அப்பள்ளி நடத்திய அகழ்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நூலகமே பெண்ணுக்குரிய களம் என்று கருதப்பட்ட காலம் அது. அவரோ, எஞ்சியிருந்த புலமைப்பரிசிற் பணத்துடன் 1900இல் கிரீட் தீவுக்குப் புறப்பட்டார். மறு ஆண்டு, வசிலிக்கி என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோர்ஜ் பெராக்கிஸ் என்னும் விவசாயி தந்த தகவலைப் பின்பற்றிச் சென்று, கூர்னியா என்ற புதையுண்ட நகரை அடையாளங் கண்டார்; 1904 வரை அதனை அகழ்ந்தார். அதே தீவில் ஆர்தர் எவன்ஸ் க்னொசோஸ் அரண்மனையை வெளிக்கொணர்ந்துகொண்டிருந்த காலத்தில், கூர்னியாவிற் பெரிதும் வெளிப்பட்டவை குறுகிய தெருக்களும், நெருங்கிய சிறு வீடுகளும், தச்சரும் கொல்லரும் கையாண்ட கருவிகளுமாகும். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உழைப்பாளரின் நாளாந்த வாழ்க்கை அங்கே மண்ணை விலக்கி எழுந்து நின்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? புலமைப்பரிசில் அவருக்குப் பணம் தந்தது. அதனோடு ஒட்டியிருந்த நிறுவனமோ களத்தின் கதவை அடைத்தது. கதவைத் தாண்டி வெளியேறியபோதே அப்பணம் பயனுள்ளதாயிற்று. நிலத்தை உழுதவனின் அறிவும் நூல்களைக் கற்றவளின் அறிவும் சந்தித்த இடத்திலேயே கூர்னியா பிறந்தது. அந்த விவசாயிக்கு எந்தத் தெரிவுக்குழுவும் புலமைப்பரிசில் அளித்திராது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1931இல் அதே அமெரிக்கப் பள்ளி, றொக்பெல்லரின் பெருஞ்செல்வத்தின் துணையோடு ஏதென்சின் பழைய சந்தைவெளியாகிய அகோராவை அகழத் தொடங்கியது. அப்பணிக்காக அங்கிருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் விலைக்கு வாங்கப்பட்டு இடிக்கப்பட்டன. பண்டைய ஏதென்சின் மக்களாட்சியை அறிவதற்காக இன்றைய ஏதென்சின் மக்கள் தம் முற்றங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. அகோரா தந்த அறிவு பெரிதே. எனினும், ஆய்வாளருக்கு உறைவிடம் அமைக்கும் கரமே குடியிருப்பவரின் உறைவிடத்தைப் பெயர்க்கவும் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்றைய இளம் ஆய்வாளரின் நிலையும் நம் சிந்தனைக்குரியது. அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓராண்டுக்கால அறை. உள்ளே நுழைந்த சில மாதங்களிலேயே அடுத்த அறைக்கு விண்ணப்பம் எழுதவேண்டியவராகின்றார். தெரிவுக்குழுவுக்கு உவப்பான பொருளைத் தேடும் மனம், உண்மையைத் தேடும் மனத்தை மெல்ல மெல்ல வென்றுவிடுகின்றது. முதிய பெற்றோரையோ கைக்குழந்தையையோ பேண வேண்டியவருக்கு அந்த ஒற்றை அறையின் வாயில் குறுகியது. நிலையான பதவிக்கு ஈடாக ஓராண்டுப் பரிசை நீட்டுவது ஓய்வாகாது. நாகரிகமான நிச்சயமின்மையே ஆகும்.

எனவே, புலமைப்பரிசில்கள் ஒழிய வேண்டும் என்பது நமது வாதமன்று. அவை பல்க வேண்டும், நீள வேண்டும், குடும்பப் பொறுப்புடையோரையும் அகழப்படும் மண்ணுக்குரிய மாணவரையும் ஏற்க வேண்டும். மண்வெட்டி பிடித்தவரின் பெயர் அறிக்கையில் இடம்பெற வேண்டும். முடிவுகள் அவ்வூர் மக்களின் மொழியில் அவர்களிடமே திரும்பிச் செல்ல வேண்டும். ஆய்வாளருக்கு அறை கொடுங்கள்; அதன் வாயில் மக்களின் தெருவை நோக்கித் திறந்திருக்கட்டும்.