எத்தனை மணி விலை?

ஆல்கோ டிரேடிங் பத்தித் தமிழ்ல வர்ற வீடியோக்களையும் பதிவுகளையும் கொஞ்ச நாளா தொடர்ந்து பார்த்துட்டு வர்றேன். எல்லாத்துலயும் ஒரு கேள்வி தவறாம வரும்: "டேட்டா லேட்டா வருது, அடிக்கடி கட் ஆகுது, என்ன பண்ணலாம்?" பதிலும் கிட்டத்தட்ட மாறாது. நெட் பிளானை மாத்துங்க, மும்பையில ஒரு விபிஎஸ் எடுங்க, புரோக்கரை மாத்துங்க. மூணுமே காசு செலவாகிற யோசனை. மூணுமே நாடி பிடிக்காம மருந்து எழுதுற வேலை என்பது என் கருத்து. காரணங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல தூரம். தருமபுரியிலிருந்து மும்பை நேர்க்கோட்டுல ஏறக்குறைய 950 கிலோமீட்டர். கண்ணாடி இழையில ஒளி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கேபிள் சுத்தி வளைச்சு 2,000 கிலோமீட்டர் ஆகுதுன்னே வச்சுக்குவோம். ஒரு வழிக்கு 10 மில்லிசெகண்ட். நடுவுல இருக்கிற ரவுட்டர்கள் சேர்க்கிற நேரத்தையும் தாராளமாப் போட்டு 50-ன்னு வச்சாலும், அது ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்கு. அஞ்சு நிமிஷ கேண்டிலைப் பார்த்து ஆர்டர் போடுறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவர் புலம்புறது மூணு செகண்ட், அஞ்சு செகண்ட் தாமதத்தைப் பத்தி. அதுக்குத் தூரத்தைக் குற்றவாளியாக்கினா கணக்கு இடிக்குது.

தூரத்துக்கு உண்மையிலேயே விலை இருக்கிற உலகமும் உண்டு. தேசிய பங்குச் சந்தை 1994-ல தொடங்கினப்போ நாடு முழுக்க விசாட் வழியாத்தான் இணைப்பு. சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேல போய்த் திரும்பணும், கால் செகண்ட் ஆகும். ஊர் எதுவா இருந்தாலும் அந்தக் கால் செகண்ட் பொது. 2009-ல கோ-லொகேஷன் வந்தது. புரோக்கரோட சர்வரை எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள்ளேயே வைக்கலாம்னு ஆச்சு. அங்கே டிக்-பை-டிக் டேட்டாவை ஒவ்வொருத்தருக்கா வரிசையா அனுப்புற முறை இருந்ததால, முதல்ல கனெக்ட் ஆனவருக்கு முதல்ல கிடைச்சது. அந்த விவகாரத்துல 2019 ஏப்ரல்ல செபி, என்எஸ்இ 624.89 கோடி ரூபாயை வட்டியோட கட்டணும்னு உத்தரவு போட்டது. 2023 ஜனவரியில பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து, உரிய கவனம் இல்லாததுக்காக 100 கோடி கட்டச் சொன்னது. ஒரே கட்டடத்துக்குள்ள யார் வரிசையில முன்னாடி என்கிற சண்டை அது. நம்ம லேப்டாப்புக்கு வர்றது வேற சரக்கு.

வேற சரக்குன்னா என்ன? புரோக்கர் வெப்சாக்கெட்ல அனுப்புறது ஒவ்வொரு டிரேடும் அல்ல. அப்பப்போ எடுத்த ஸ்னாப்ஷாட். ரெண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவுல நூறு டிரேட் நடந்திருந்தாலும் நமக்குத் தெரியிறது கடைசி ஒண்ணு. "என் கேண்டிலோட ஹை, லோ சார்ட்டோட ஒத்துப் போகல, ஃபீட் சரியில்ல"ன்னு வர்ற புகார்ல பாதி இதுதான். அந்த உச்ச விலை நம்மகிட்ட வந்து தொலையல, முதல்லயே அனுப்பப்படல. விபிஎஸ்ஸை மும்பையிலயே வச்சாலும் அது வராது. இதைச் சொல்லாம "லைவ்", "ரியல் டைம்"னு மட்டும் சொல்றவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்தது அளவுகோல். "என் ஃபீட் 700 மில்லிசெகண்ட் லேட்"னு ஸ்கிரீன்ஷாட் போடுறாங்க. கைட் கனெக்ட் மாதிரி ஏபிஐகள்ல எக்ஸ்சேஞ்ச் நேரம் முழு செகண்டுல மட்டுமே வருது. 10:00:05-க்கு அப்புறம் 900 மில்லிசெகண்ட் கழிச்சு நடந்ததும் 10:00:05 தான். அதை நம்ம கடிகாரத்துலேருந்து கழிச்சா வர்ற எண்ணுல ஒரு செகண்ட் வரைக்கும் வெறும் பின்னம். அதோட நம்ம கம்ப்யூட்டர் கடிகாரமே ரெண்டு செகண்ட் தள்ளி ஓடலாம். கடிகாரத்தை என்டிபி-யோட சரி பண்ணாம தாமதத்தை அளக்கிறது, தராசைச் சரி பார்க்காம எடையைப் பத்திச் சண்டை போடுற மாதிரி.

சரி, நோயை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? ஒவ்வொரு டிக்குக்கும் ரெண்டு நேரத்தை எழுதி வைக்கணும்: எக்ஸ்சேஞ்ச் போட்ட நேரம், நம்ம புரோகிராம் அதைக் கையில எடுத்த நேரம். ஒரு நாள் முழுக்க இந்த வித்தியாசத்தைப் பார்த்தா அதுவே பேசும்.

வித்தியாசம் நாள் முழுக்க ஒரே அளவா இருந்தா, முதல் சந்தேகம் கடிகாரம் மேல. 9.15-க்கு ஏறி சில நிமிஷத்துல இறங்கினா, திறப்பு நேர நெரிசல். காலையிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே போய், புரோகிராமை நிறுத்தித் தொடங்கினதும் சரியானா, குற்றவாளி பெரும்பாலும் நம்ம கோடுதான். டிக் வந்ததும் ஓடுற ஃபங்ஷனுக்குள்ளேயே டேட்டாபேஸ்ல எழுதி, இண்டிகேட்டர் கணக்குப் போட்டு, டெலிகிராம் மெசேஜும் அனுப்பினா, பின்னாடி டிக் வரிசை கட்டி நிக்கும். டிக்கை வாங்கி ஒரு க்யூவுல போட்டுட்டு உடனே திரும்பணும்; மத்த வேலையை வேற திரெட் பார்க்கட்டும். பல டுடோரியல்ல மாதிரிக் கோடே இந்தத் தப்போடதான் இருக்கு. அதைக் காப்பி பண்ணினவர்கிட்டயே அப்புறம் விபிஎஸ் வாங்கச் சொல்றாங்க.

எல்லா ஸ்கிரிப்டும் ஒரே நொடியில நின்னா இணைப்பைப் பார்க்கணும். ஒரே ஒரு ஆப்ஷன் மட்டும் நின்னா, அதுல டிரேடே நடக்காம இருந்திருக்கலாம். நம்ம பக்கத்துல இன்னொரு காரணமும் உண்டு: பராமரிப்பு மின்தடை. காலையில 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினா, சந்தை திறக்க கால் மணி நேரம்தான் இருக்கும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, ஃபைபர் பெட்டிக்கு இல்ல. அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போடுறது பெரிய நெட் பிளானைவிடப் பயன்படும்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துறது தாமதம் இல்ல, மௌனம். 2021 பிப்ரவரி 24 அன்னிக்கு காலை 10 மணி தாண்டினதும் நிஃப்டி, பேங்க் நிஃப்டி குறியீடுகளோட நேரடி மதிப்பு நகராம நின்னது. என்எஸ்இ வர்த்தகத்தை நிறுத்தினது 11.40 வாக்கில். நடுவுல ஒன்றரை மணி நேரம் பங்குகளும் ஆப்ஷன்களும் கைமாறிக்கிட்டே இருந்தன. டெலிகாம் இணைப்புகள் பழுதானதைக் காரணமா என்எஸ்இ சொன்னது. மாலை 3.45-லிருந்து 5 மணி வரைக்கும் சந்தையை மறுபடி திறந்தாங்க. அந்த ஒன்றரை மணி நேரத்துல, குறியீட்டை வச்சு ஸ்ட்ரைக் தேர்ந்தெடுக்கிற ஒரு புரோகிராமை நினைச்சுப் பாருங்க. கனெக்‌ஷன் கட் ஆகல. எரர் இல்ல. ஹார்ட்பீட்டும் வந்துக்கிட்டே இருக்கலாம். அதுக்குத் தெரிஞ்ச விலை மட்டும் 10 மணி விலை. எவ்வளவு வேகமான விபிஎஸ்ஸா இருந்தாலும் செத்த விலையைத்தான் வேகமாக் கொண்டு வந்து கொடுக்கும்.

பாலக்கோடு மார்க்கெட்டுல தக்காளி விலை கேட்கிறவர் "கிரேடு என்ன விலை?"ன்னு மட்டும் கேட்டு நிறுத்த மாட்டார், "அது எத்தனை மணி விலை?"ன்னும் கேட்பார். நேரம் இல்லாத விலை வெறும் எண். நம்ம புரோகிராம்கள்ல பெரும்பாலானவை இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்கிறதே இல்ல. கடைசி விலையை ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டு, அதுக்கு எவ்வளவு வயசு ஆச்சுன்னு பார்க்காம ஆர்டர் போடுது.

விதிமுறைகளும் இந்தப் பக்கம் அதிகம் திரும்பல. சில்லறை முதலீட்டாளர்களோட ஆல்கோ பத்தி 2025 பிப்ரவரி 4-ல செபி வெளியிட்ட சுற்றறிக்கையோட கவனம் பெரும்பாலும் வெளியே போற ஆர்டர் மேல: ஆல்கோவுக்கு அடையாள எண், ஏபிஐ-க்கு நிலையான ஐபி, இப்படி. நல்ல விஷயம்தான். நிலையான ஐபி வேணும் என்கிறதுக்காகவும் கரண்ட் போகாது என்கிறதுக்காகவும் ஒருத்தர் விபிஎஸ் எடுத்தா அதுல நியாயம் இருக்கு. வேகத்துக்காக எடுத்தாத்தான் ஏமாற்றம். ஆனா உள்ளே வர்ற டேட்டா எத்தனை செகண்ட் பழசு, எவ்வளவு வடிகட்டினது என்கிறதை புரோக்கர்கள் தெளிவா அறிவிக்கணும்னு யாராவது கேட்கணும்.

2024 செப்டம்பர்ல வந்த செபி ஆய்வு, மூணு நிதியாண்டுகள்ல ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்ல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டாங்கன்னு சொல்லுது. அதே ஆய்வுல, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களோட லாபத்துல 97 சதவீதம் ஆல்கோ வழியா வந்ததுன்னும் இருக்கு. இந்த ரெண்டாவது எண்ணைக் காட்டித்தான் நமக்கு வேகத்தை விக்கிறாங்க. அந்த வேகப் போட்டி கோ-லொகேஷன் அறைக்குள்ள நடக்கிறது. மாசாமாசம் ஒரு சர்வருக்கு வாடகை கட்டி நாம அதுல சேர முடியாது.

நம்மால முடிஞ்சது வேற. ஒவ்வொரு விலைக்கும் வயசு வரம்பு வைக்கிறது. குறியீடு அஞ்சு செகண்ட் நகரலன்னா புது ஆர்டரை நிறுத்துறது. ஃபீட் போனா கையில இருக்கிற பொசிஷனை என்ன பண்றதுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறது. திரும்ப கனெக்ட் ஆனதும் சப்ஸ்கிரிப்ஷன் புதுசாச்சான்னு பார்த்து, விட்டுப்போன கேண்டிலை ஹிஸ்டாரிக்கல் டேட்டாவுல நிரப்புறது. எதுக்கும் காசு ஆகாது. விலை தெரியாதப்போ "தெரியல"ன்னு சொல்லி சும்மா இருக்கத் தெரிஞ்ச புரோகிராம், அவசரப்படுற புரோகிராமைவிட நம்ம பணத்தை நல்லாக் காப்பாத்தும்.