இலவச இணையம்: யார் கொடுத்தது, யாருக்காக?

2015 டிசம்பரில் இந்திய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. ஏழைகளுக்கும் இணையம் கிடைக்க 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை ஆதரியுங்கள் என்று ஃபேஸ்புக் கேட்டது. மார்க் ஸக்கர்பெர்க் தாமே நாளேட்டில் கட்டுரை எழுதி, திட்டத்தைப் பொது நூலகத்தோடும் அரசு மருத்துவமனையோடும் ஒப்பிட்டார்.

அந்தத் தேவை பொய்யல்ல. அதே ஆண்டு பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் இது தொடங்கியபோது, டேட்டாவை மலிவாக்கிய ஜியோ வந்திருக்கவில்லை. கூலிவேலை செய்பவருக்கு டேட்டா பெரிய செலவு. தமிழிலேயே செய்தியும் வேலைவாய்ப்புத் தகவலும் காசில்லாமல் கிடைப்பதைச் சிறுமைப்படுத்திப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் நூலக ஒப்பீடு பொருந்தவே இல்லை. பொது நூலகம் மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. அங்கே தவறு நடந்தால் கேள்வி கேட்க வழி உண்டு. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃப்ரீ பேசிக்ஸில் எந்தத் தளம் இடம்பெறலாம் என்பதற்கான நிபந்தனைகளை எழுதியது ஃபேஸ்புக். போக்குவரத்து முழுவதும் அதன் சர்வர் வழியாகச் சென்றது. முதன்முறை இணையத்துக்கு வருபவருக்கு ஃபேஸ்புக்தான் இணையம் என்று பழகிவிடும். போட்டியாக முளைக்கும் சிறு நிறுவனம் வாசலுக்கு வெளியே நிற்கும். இது தொண்டாகவும் இருந்தது, சந்தையைப் பிடிக்கும் வேலையாகவும் இருந்தது. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் விளம்பரப்படுத்தியதுதான் குற்றம்.

தொண்டையும் தொழிலையும் பிரிப்பதில் நம் நாட்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுக்குள் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது அந்தக் கணக்கில் வராது. பொதுமக்களும் இதே அளவுகோலைக் கையில் எடுக்கலாம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது, ஃபேஸ்புக் தன் பயனர்களைக் கொண்டு ஒரே வார்ப்பில் லட்சக்கணக்கான ஆதரவு மின்னஞ்சல்களை அனுப்பவைத்தது. ஆணையம் கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. மக்களிடம் சேர்த்த நல்லெண்ணத்தை ஒழுங்குமுறை அமைப்பின்மீது அழுத்தமாகத் திருப்பிய இந்தச் செயல் எனக்குத் திட்டத்தைவிடவும் கவலை தந்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வைப்பதை டிராய் தடைசெய்தது. திட்டம் இங்கே முடிந்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் மும்பை சென்ட்ரலில் கூகுளின் இலவச வைஃபை தொடங்கியிருந்தது. 2018க்குள் 400 ரயில் நிலையங்களை எட்டியது. எர்ணாகுளத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் அதில் பாடம் கேட்டுக் கேரள அரசுப்பணி எழுத்துத் தேர்வில் தேறினார் என்ற செய்தியைவிடப் பெரிய விளம்பரம் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருக்காது. கூகுளுக்கும் இதில் ஆதாயம் உண்டு; இணையத்துக்கு வரும் ஒவ்வொருவரும் அதன் தேடுபொறிக்கு வாடிக்கையாளர். ஆனாலும் அங்கே திறந்தது முழு இணையம். கண்ணாடி இழைக் கட்டமைப்போ அரசு நிறுவனமான ரெயில்டெல்லுடையது. அதனால் 2020இல், டேட்டா மலிந்துவிட்டது என்று கூகுள் விலகியபோதும் ரெயில்டெல் சேவையைத் தொடர முடிந்தது.

இந்தியாவில் முடிந்த ஃப்ரீ பேசிக்ஸ் அதே 2016இல் மியான்மருக்குப் போனது. அங்கே பலருக்கு ஃபேஸ்புக்கும் இணையமும் ஒன்றாகவே இருந்தன. அந்நாட்டுச் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்பு அந்தத் தளத்தில் பரவியது. வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதுமான அளவு செயல்படவில்லை என்று 2018இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2015இன் தொடக்கத்தில் புகார்ப் பதிவுகளைப் பார்வையிட ஃபேஸ்புக்கில் இருந்த பர்மிய மொழி அறிந்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆட்களை உள்ளே அழைத்துவர இருந்த பணத்தில் சிறு பங்கு, உள்ளே வந்தவர்களின் மொழியைப் படிக்கச் செலவாகியிருக்க வேண்டும்.