நிலம் அவள் பெயரில், பிடி யார் கையில்?

ஸ்காட்லாந்தின் பழைய நிலச் சட்டம் பெண்ணை வாரிசு வரிசையிலிருந்து முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் நிலம் மகள்களுக்குச் சமபங்காகப் போயிற்று. காலோவே பிரபு ஆலன் 1234இல் இறந்தபோது, அவருடைய பரந்த நிலம் மூன்று மகள்களுக்குப் பிரிந்தது. திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன் தாமஸே ஆளவேண்டும் என்று அந்நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசர் இரண்டாம் அலெக்சாண்டர் படையோடு வந்து மகள்களின் பங்கை நிலைநாட்டினார். அம்மூவருள் ஒருவரான டெர்வோர்கில்லா, கைம்பெண்ணான பிறகு, கணவர் பெயரில் ஆக்ஸ்போர்டில் இருந்த பேலியல் கல்லூரிக்கு 1282இல் விதிமுறைகள் வகுத்து அதை ஊன்றச் செய்தார்.

உரிமை இருந்தது. அதைக் கையாள்பவர் யார் என்பதில்தான் சிக்கல். தந்தையை இழந்த சிறுமிக்கு அரசரோ மேல்நிலப் பிரபுவோ காப்பாளர் ஆனார். அவள் வளரும்வரை நிலத்தின் வருவாய் அவருக்கு. அவளை யாருக்குக் கட்டிவைப்பது என்ற முடிவும் அவருடையது. அந்த உரிமையை அவர் பிறருக்குக் கைமாற்றவும் முடிந்தது. 1746ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது. மணமான பிறகு அவளுடைய அசையும் சொத்து கணவருக்குச் சேர்ந்தது. நில நிர்வாகமும் அவர் கைக்குப் போனது. அவர்களுக்குப் பிள்ளை பிறந்து, அதன் அழுகுரல் காதில் விழுந்திருந்தால் போதும். மனைவி இறந்த பின்னும் அந்த நிலத்தின் வருமானம் கணவருக்கு ஆயுள் முழுக்க உண்டு.

இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு மார் சீமாட்டி இசபெல்லாவின் கதை சான்று. அவருடைய கணவர் சிறைப்பட்டு இறந்தார். 1404இல் அரச குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் இசபெல்லாவின் கில்ட்ரம்மி கோட்டையைப் பிடித்து, தன்னை மணப்பதாகவும் நிலம் தன் வாரிசுகளுக்கே போகும் எனவும் அவரிடம் எழுதி வாங்கினார். அரசர் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில் கோட்டை வாசலில், பலர் பார்த்திருக்க, அலெக்சாண்டர் சாவிகளை இசபெல்லாவின் கையில் கொடுத்தார். சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு, தன் விருப்பத்தோடு இவரையே கணவராகத் தேர்கிறேன் என இசபெல்லா அறிவித்தார். அது மனமாரச் சொன்னதா என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. ஆனால் புதிய பத்திரத்தில், பிள்ளையில்லாமல் போனால் நிலம் இசபெல்லாவின் உறவுக்கே திரும்பும் என்ற நிபந்தனை ஏறியது. கட்டாயத்துக்கு நடுவிலும் தன் வீட்டுச் சொத்தைக் காத்த ஒரு பெண்ணை அந்த வரியில் காண்கிறேன்.

1498இல், தந்தை இறந்த பிறகு பிறந்த முரியல் கால்டருக்கு அந்த அளவுகூட வாய்க்கவில்லை. மறுவருடமே ஆர்கைல் பிரபுவின் ஆட்கள் குழந்தையைத் தூக்கிச் சென்றனர். வேறு குழந்தையை மாற்றி வைத்துவிடக்கூடாது என்று, அவள் வீட்டார் பழுக்கக் காய்ச்சிய சாவியால் இடுப்பில் சூடு போட்டு அடையாளம் வைத்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 1510இல் ஆர்கைலின் மகனுக்கு அவளை மணமுடித்தனர். கால்டர் குடும்பத்தின் காடர் கோட்டை அன்று ஆர்கைலின் காம்பெல் வம்சத்துக்கு வந்தது.

ஆன் ஸ்காட் 10 வயதில் பக்லூ சொத்துக்கு உரியவரானார்; 12 வயதில் மன்மத் கோமகனுக்கு மனைவியானார். 1685இல் ராஜதுரோகக் குற்றத்துக்காக மன்மத்தின் தலை துண்டிக்கப்பட்டது, அவர் பட்டங்களும் பறிபோயின. பக்லூ நிலமும் பட்டமும் ஆனின் சொந்தப் பெயரில் இருந்ததால் தப்பின. 1732இல் இறக்கும்வரை அவற்றை ஆண்டவர் அவரே.

இவர்களுக்காக இரங்குவதோடு ஆய்வு நின்றுவிடக்கூடாது. சதர்லண்டின் எலிசபெத் 1766இல், ஒரு வயதில், பெற்றோர் இருவரையும் இழந்தார். பெண் பட்டம் ஏற்கலாமா என்ற வழக்கில் 1771இல் பிரபுக்கள் அவை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னாளில், கணவரின் செல்வத்தோடு அவருடைய நிலம் சேர்ந்தபோது, ஆடு மேய்ப்பதற்காக ஆயிரக்கணக்கான குடியானவர்கள் பள்ளத்தாக்குகளிலிருந்து கடற்கரைக்கு விரட்டப்பட்டனர். 1814இல் ஸ்ட்ராத்நேவரில் வீடுகளுக்குத் தீ வைத்தபோது, எரியும் வீட்டிலிருந்து வெளியே தூக்கப்பட்ட மார்கரெட் மெக்கே என்ற மூதாட்டி சில நாட்களில் இறந்தார். அவருக்கு வயது நூறை ஒட்டியிருந்தது. பண்ணையின் அதிகாரி பேட்ரிக் செல்லர் மீது 1816இல் வழக்கு நடந்தது, விடுதலையானார். தன் உரிமையை நீதிமன்றத்தில் வென்ற பெண்ணின் மண்ணில், உரிமைப் பத்திரமே இல்லாத பெண்கள் தெருவுக்கு வந்தார்கள்.

மேரி மெக்கன்சியின் கதை சென்னையைத் தொட்டுப் போகிறது. கணவர் அட்மிரல் சாமுவேல் ஹுட் 1814 டிசம்பரில் சென்னையில் காலமானார். சகோதரர்கள் முன்பே இறந்திருந்தனர். அடுத்த மாதம் தந்தையும் மறைய, அவருடைய சீஃபோர்த் பண்ணையும் அதன் கடன்களும் மேரியிடம் வந்தன. 1844இல் அந்தப் பண்ணையைச் சேர்ந்த லூயிஸ் தீவை அபினி வணிகத்தில் செல்வம் சேர்த்த ஜேம்ஸ் மதிசனுக்கு விற்க நேர்ந்தது. நம் ஊர்களின் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் தொகுத்த காலின் மெக்கன்சி பிறந்த தீவு அது.

மணப்பெண்ணின் அசையும் சொத்து தானாகவே கணவருக்குப் போவதை 1881ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. கணவரின் நிர்வாக உரிமை 1920இல்தான் ஒழிந்தது. இடைப்பட்ட காலத்தில் அயர்ஷயரைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் ஆக்னஸ் லூயிசும் மார்கரெட் கிப்சனும் தந்தை விட்டுச்சென்ற செல்வத்தில் மொழிகள் கற்றனர். இருவரும் கைம்பெண்கள். 1892இல் சினாய் மடத்தில் ஒட்டிக்கிடந்த தோல் ஏடுகளை ஆக்னஸ் கெண்டியின் நீராவியால் பிரித்தார். பெண் புனிதர்களின் வரலாறுகளுக்கு அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட மிகப் பழைய சிரியாக் நற்செய்தி எழுத்துகள் தெரிந்தன. சொத்து தன் கையிலேயே இருக்கும் பெண் எதுவரை போவாள் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

ஆகவே இந்தத் துறையில் வேலை செய்வோர் திருமணப் பத்திரத்தோடு குத்தகைக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாரிசுப் பெண்ணுக்கு இழைக்கப்பட்டது முன்னதில் இருக்கிறது. அவர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு என்ன ஆனது என்பது பின்னதில். இரண்டையும் படிக்காமல் அவருக்கு நியாயம் செய்ய முடியாது, அந்தக் குடியானவர்களுக்கும் முடியாது.