கேட்போரும் சொல்வோரும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் நம்மைத் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே காமனும் இரதியும் இருக்கின்றனர்; அகலிகையும் கௌதமனும் பூனை வடிவுற்ற இந்திரனும் இருக்கின்றனர். ஆயினும் புலவரின் கண் ஓவியத்தோடு நின்றுவிடவில்லை. அவற்றின் முன்னே நிற்கும் மக்கள்மேலும் படிகிறது. ஒருவர் சுட்டிக்காட்டி, இவர் யார் என வினவுகிறார். அருகில் நிற்பவர் விடை கூறுகிறார். தீட்டிய ஓவியனின் பெயரைப் புலவர் சொல்லவில்லை; கேட்டவரையும் சொன்னவரையும் மறவாமல் பாட்டில் வைத்தார். ஓவியக்கூடம் ஒன்றை மதிப்பிட இதனினும் சிறந்த அளவுகோல் ஒன்றை நாம் கண்டிலேம். சுவரில் எத்தனை படம் தொங்குகிறது என்பது பிறகு. படத்தின் முன் யார் நிற்கிறார்? கேட்பதற்கு அவருக்குத் துணிவு உண்டா? சொல்வதற்கு அருகில் ஆள் உண்டா?

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு நாம் வாழும் பெங்களூரின் வெங்கடப்பா ஓவியக்கூடத்தைச் சற்றே நோக்குவோம். நம் சங்கம் அமைந்த அல்சூர் ஏரிக்கரையிலிருந்து அது தொலைவன்று. கஸ்தூரிபா சாலையில், கப்பன் பூங்காவை முதுகுப்புறமாகக் கொண்டு, அரசு அருங்காட்சியகத்துக்கும் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கும் அண்டையில் நிற்பது. ஆண்டுக்கணக்கில் அவ்வழியே பேருந்தில் சென்றும் உள்ளே காலடி வைக்காத தமிழன்பர் பலரை நாம் அறிவோம். நாமே நெடுநாள் அவர்களுள் ஒருவராக இருந்தோம் என்பதை மறைப்பானேன்?

கே. வெங்கடப்பா சித்திரக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரசர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவால் கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். நந்தலால் போஸ் அவருடன் பயின்றவர். சகோதரி நிவேதிதையும் நம் ஆனந்த குமாரசாமியும் எழுதி 1913இல் வெளிவந்த புராணக் கதை நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் இவரும் ஒருவர். ஊர் திரும்பியபின் வீணையில் பித்துக்கொண்டு தூரிகையை மறந்தார். அந்தப் பித்தையே பொருளாக்கி ஒரு படைப்பும் செய்தார். மணம் செய்துகொண்டாரல்லர். படங்களை விற்க மனம் ஒருப்படாதவர். அரண்மனைச் சுவருக்குச் சுதைச் சிற்பங்கள் செய்து கொடுத்தவர், பின்னாளில் அதே அரண்மனையோடு வழக்குமன்றம் வரை சென்றார். 1965இல் மறைந்தார். தனிமையையே தவமாகக் கொண்ட இம்மனிதரின் பெயரால் அமைந்த கூடம், பிற்காலத்தில் ஊரார் கூடும் முற்றமாக மாறியது என்பதுதான் வியப்பு. அவர் இருந்து கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பாரோ என்னவோ!

அவர் 1920களில் உதகையிலும் பின்னர் கொடைக்கானலிலும் தீட்டிய நீர்வண்ணப் படங்களே இக்கூடத்தின் செல்வம் என்பது நம் கருத்து. புராணப் படங்களில் அவர் குருவின் நிழலில் நிற்கிறார். மலையில்தான் தாமாக நிற்கிறார். சிற்றோவியனுக்குரிய பொறுமையோடு முகிலைத் தீட்டியவர் அவர். ஒரு மேகம் பள்ளத்தாக்கினின்று எழுந்து சரிவை மறைப்பதும், மரங்களின் நுனி மட்டும் மிதப்பதும், நிலவு படிந்த நீர் அசையாது கிடப்பதும் பார்க்கப் பார்க்கப் புலனாகும். விரைந்து பார்ப்பவர்க்கு அங்கே ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் தாள்கள் என்று எண்ணி அடுத்த அறைக்குச் சென்றுவிடுவர். குறையும் உண்டு. நாம் கண்ட படங்களில் மனித நடமாட்டமே இல்லை எனலாம். தோதவர் இல்லை, தேயிலை கிள்ளும் பெண் இல்லை, விறகு சுமப்பார் இல்லை. உதகை என்பது அரசர் கோடையில் தங்கும் குளிர்நிலம் மட்டும்தானா? அதே கூடத்தில் இடம்பெற்ற கே.கே. ஹெப்பாரின் கோடுகளில் உயிர் துள்ளுவதைக் கண்டபின் இந்த வெறுமை இன்னும் உறைக்கும்.

ஒரு நாள் அப்படங்களின் முன் ஒரு மூதாட்டி நெடுநேரம் நின்றிருந்தார். மகன் வீட்டுக்குக் குன்னூரிலிருந்து வந்தவராம். அருகிருந்த காவலர், "அம்மா, இதில் என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் வினவினார். "இது ஆடி மாசத்து மேகம் ஐயா. கீழேயிருந்து ஏறி வருது பாருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மழை புடிச்சுக்கும்" என்றார் அம்மையார். காவலர் எழுந்து வந்து படத்தை உற்று நோக்கினார். நாமும் நோக்கினோம். அதுவரை நமக்கு அது வெறும் மூட்டமாகவே தெரிந்தது.

சொல்வாரின்றிப் படமும் கல்லும் ஊமை. அண்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு இருக்கிறது. சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த தக்கோலப் போரைச் சொல்வதனால் தமிழர்க்கு அது முதன்மையான சான்று. ஆயின் பிள்ளைகளை அதன்பால் ஈர்ப்பது போரன்று, நாய். அப்போரில் மறம் காட்டிய மணலேரன் என்னும் வீரன் தன் தலைவன் பூதுகனிடம் பரிசிலாக வேண்டிப் பெற்ற காளி என்னும் வேட்டை நாய், பன்றியொன்றோடு பொருது இரண்டும் மடிந்தன. அந்த நாய்க்கு நட்ட கல் அது. கதையைச் சொல்ல ஆசிரியர் ஒருவர் உடன் இருந்தால் பிள்ளைகள் கல்லைவிட்டு நகர மாட்டார்கள். அவர் இல்லையேல் எண்ணி மூன்று நொடி! தொழில்நுட்ப அருங்காட்சியகத்திலோ பொறிகள் தாமே இயங்கிப் பேசுகின்றன. பள்ளிப் பேருந்துகள் அதன் வாயிலில் நிற்பதன் காரணம் அதுவே. ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

எனினும் வெங்கடப்பா ஓவியக்கூடத்துக்கு வேறொரு பெருமை வாய்த்தது. நிலையான காட்சிக்கு அப்பால், வாழும் ஓவியர்க்கு அங்குள்ள அறைகள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. தனியார் காட்சிக்கூடங்களின் வாயிலை அணுகவியலாத இளைஞர், மாவட்டங்களிலிருந்து சுருட்டிய துணிப்படங்களோடு வந்து, தாமே ஆணி அடித்து, தாமே அழைப்பிதழ் கொடுத்து, தம் முதற்காட்சியை அங்கே நடத்தினர். பெற்றோரும் உறவினரும் வந்து கூச்சத்தோடு நின்றனர். விற்பனை பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி இராது. அவற்றுள் தேறாதனவும் பல. நாம் கண்ட மலர்க்குவளைகளுக்கும் சூரிய அத்தமனங்களுக்கும் கணக்கில்லை. ஆயினும் படத்தின் அருகிலேயே தீட்டியவர் நின்றார், இது என்ன என்று நாம் கேட்டோம், அவர் சொன்னார். நப்பண்ணனார் கண்ட காட்சி அதுவன்றோ!

இம்முற்றத்துக்கு ஊறு நேரும் என்ற அச்சம் பின்னர் எழுந்தது. 2015இல் மாநில அரசு, பாரம்பரிய இடங்களைத் தனியார் தத்தெடுத்துப் பேணும் திட்டத்தின்கீழ், இக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளை ஒன்று மேம்படுத்துவதற்கு உடன்படிக்கை செய்தது. கட்டடத்துக்குச் செப்பம் வேண்டும் என்பதில் ஓவியரும் மாறுபட்டாரல்லர். அவர்களது வினா வேறு: கூடத்தைப் பயன்படுத்துவோரை ஏன் ஒரு சொல் கேட்கவில்லை? மறுநாள் முதல் அந்த அறைகள் எவருக்குக் கிடைக்கும்? 2016இல் ஓவியர், சிற்பியர், மாணவர் எனப் பலரும் வளாகத்தில் திரண்டனர். எதிர்ப்பும் கலை வடிவத்திலேயே நிகழ்ந்தது.

கோப்பு ஒன்று மேசைக்கு மேசை நகர்வதை நாள்தோறும் காணும் பிழைப்பு நம்முடையது. அந்த உடன்படிக்கையில் தீய நோக்கம் இருந்தது என்று நாம் கருதவில்லை. பராமரிப்புக்குப் பணமில்லை என்று ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. பணமுள்ளோர் முன்வருகிறார்கள் என்று அடுத்த குறிப்பு. ஆட்சேபம் இல்லை என்று மூன்றாவது. மூன்றும் உண்மையே. ஆணி அடித்து அழைப்பிதழ் கொடுத்த இளைஞனைப் பற்றி எழுதுவதற்கு அக்கோப்பில் பத்தி ஏதும் இராது. எண்ணிக் காட்டக்கூடிய பயனன்று அது. எவரும் மனுச் செய்து கோரியதுமன்று. குறிப்பில் ஏறாதது இல்லாததாகவே கொள்ளப்படும் என்பது அலுவலக நியதி. 2016இல் அவ்வளாகத்தில் திரண்டவர்கள் செய்தது, விடுபட்ட அந்தப் பத்தியைத் தம் உடலால் எழுதியதே.

தனியார் செய்வதெல்லாம் தீது என்பது நம் கட்சியன்று. அவ்வறக்கட்டளையினர் பின்னர் அதே கஸ்தூரிபா சாலையில் தமக்கென ஓர் அருங்காட்சியகம் எழுப்பி 2023இல் திறந்தனர். கண்பார்வையற்றோர் தொட்டறியவும், சக்கர நாற்காலியில் வருவோர் தடையின்றிச் செல்லவும் அவர்கள் செய்த ஏற்பாடுகளை அரசுக் கூடங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். மைய அரசின் தேசிய நவீன ஓவியக்கூடமும் 2009 முதல் அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் இயங்கி வருவது. மாணிக்கவேலு முதலியார் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் பூரிப்பதுண்டு. பூரித்ததோடு சரி, உள்ளே சென்றவர் எத்தனை பேர்? சிறுவர்க்கான பயிற்சிகளும் சொற்பொழிவுகளும் திரைப்படக் காட்சிகளும் அங்கே நடந்துள்ளன. மரங்களடர்ந்த அழகிய இடம். ஆனால் அங்கே தொங்குவதை வேறெவரோ தேர்ந்து அளிக்கிறார், நாம் விருந்தினர். வெங்கடப்பா கூடத்தில் ஊரார் விருந்தினராக இருக்கவில்லை. வேறுபாடு இதுவே.

ஆண்டுதோறும் சனவரியில் கர்நாடகச் சித்திரகலா பரிஷத் குமாரகிருபா சாலையில் நடத்தும் சித்திரச் சந்தையைக் காண்பவர்க்கு, மக்களுக்கு ஓவியத்தில் நாட்டமில்லை என்ற கூற்று பொய் என்பது விளங்கும். அன்று தெருவே கூடமாகிறது. தஞ்சாவூர்ப் படங்களோடு வரும் நம்மூர்க் கலைஞரையும் அங்கே காணலாம். விலை கேட்பதற்காகவேனும் மக்கள் வாய் திறக்கிறார்கள்! அதே மக்கள் கூடத்தின் படியேறத் தயங்குவதேன்? அமைதி காக்குமாறு எழுதிய பலகை ஒரு காரணம். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு அடைக்கும் வழக்கம் மற்றொன்று. அலுவலகமும் அதே பொழுதில் இயங்குகிறது. ஐந்து மணிக்குமேல் விடுபடும் எழுத்தனும் தொழிலாளியும் எந்த வழியாக உள்ளே வருவர்?

நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். சங்கத்தில் தமிழ் பயிலும் பிள்ளைகளை, கூடம் திறந்திருக்கும் ஞாயிறொன்றில் அங்கே அழைத்துச் செல்லலாம். பதினைந்து பேருக்கு மேல் வேண்டா. கூட்டமாகப் போனால் எவரும் எதையும் காண்பதில்லை. சொற்பொழிவாளரும் மாலையும் வேண்டா. முதலில் அருங்காட்சியகத்தில் நாயின் கல்லைக் காட்டிக் கதையைச் சொல்லிவிட்டு, பிறகு மலைப்படங்களுக்கு வரலாம். பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் விடை சொல்ல, உதகையிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ வாழ்ந்த முதியவர் ஒருவர் உடன் வரவேண்டும். அத்தகையோர் நம் உறுப்பினருள்ளேயே இருப்பர். பெயர் தந்தால் நாமே அவரது இல்லத்துக்குச் சென்று அழைத்து வருவோம்.