ரயில் விட்டுப்போன நடைபாதை

சிங்கப்பூரின் ரயில் காரிடாரில் நடப்பது காலுக்குத் தனிச் சுகம். 2011 ஜூன் 30 வரை மலேசிய ரயில் ஓடிய தடம் அது; உட்லண்ட்ஸ் முதல் தஞ்சோங் பகார் வரை சுமார் 24 கிலோமீட்டர். ரயிலுக்குச் செங்குத்து ஏற்றம் ஆகாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரவிப் போட்டார்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம்.

புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கீழே வாகன இரைச்சல். கையருகே குமிழ் குமிழாக ரிவெட் அடித்த சட்டங்கள். பாதையோரப் புல்லில் தொட்டாற்சுருங்கி. அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சிகூடக் கண்ணில் படும். இடத்துக்குத் தவிக்கும் தீவில் இந்த நெடும் நிலத்தைக் கூறுபோடாமல் விட்டார்களே, அதுதான் பெரிய காரியம்!

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பல இடங்களில் நிழல் இருக்காது.